சிவப்பு யானையின் விலாவில் என் கட்டைவிரல்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பெரம்பலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மீதிப் பாதி மறுநாள் அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. இரண்டு நாள் விஷயம்தான். ஆனால் வருடம் ஒன்றாகியும் எனக்கு அது பழசாகவில்லை. இது பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்பதால் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் என்னை மாதிரி ஓர் அப்பா இருக்கலாம்.

நான் பத்தாவது வரை படித்தவன். பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறையில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதும் எழுத்து எழுதுவதும் என் வேலை. லாரி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று வருடா வருடம் பார்த்துச் சான்று கொடுப்பார்கள். அதை எஃப்.சி. என்போம். எஃப்.சி.க்குப் போகும் முன்னால் வண்டியைப் புதுசு மாதிரி ஆக்க எங்களிடம் கொண்டு வந்து விடுவார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வண்டி, சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வண்டி என்று அரியலூர்ப் பக்கத்து லாரிகள்தான் அதிகம். கதவைத் திறந்தாலே வெள்ளைத் தூசு மேலே கொட்டும். அதைத் துடைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதற்குப் பிறகுதான் புதுப் பெயிண்ட். எங்கள் வேலையில் முதல் பாடம் அது. பழசை எடுக்காமல் புதுசு அடித்தால் ஒரே மழையில் உரிந்து வந்துவிடும்.

இரண்டாவது பாடம் ஒன்று உண்டு. எழுத்து விஷயத்தில் வண்டிக்காரரைக் கேட்காமல் ஒரு கோடு கூடப் போடக் கூடாது. அவர் தன் பிள்ளையின் பெயரைத் தப்பாகவே எழுதிக் கொடுத்தாலும், "அண்ணே, இப்படித்தானா?" என்று கேட்ட பிறகுதான் பிரஷ்ஷை எடுப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

எனக்கு ஒரே மகள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் கணக்கு சார் ஒருவர் இருக்கிறார். வயது குறைந்தவர். சாயங்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார். பெரிய பெரிய அட்டைகளை மேஜை மேல் ஒட்டி, அதில் மலை, ஆறு, காடு எல்லாம் வரைந்து, இரண்டு பக்கமும் சின்னப் பொம்மைகளைப் படையாக நிறுத்தி, பகடை உருட்டி விளையாடுவது. மேஜைப் போர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பொம்மைகளை சார் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார். எல்லாம் ஒரு விரல் நீளம், வர்ணமே இல்லாத வெறும் பிளாஸ்டிக். நாமாக வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற பிள்ளைகள் வாள் பிடித்த வீரன், வில் பிடித்த வீரன் என்று எடுத்தார்கள். என் மகள் மட்டும் மிருகப் படை கேட்டு வாங்கினாள். நாலு யானை, ஆறு புலி, ஆறு கரடி, எட்டு ஓநாய். ஆக இருபத்து நாலு. ஏன் மிருகம் என்று அவள் அம்மா கேட்டதற்கு, "மனுஷங்கன்னா சண்டையில செத்துப் போவாங்கம்மா. மிருகம்னா காட்டுக்குள்ள ஓடிப் போயிடும்" என்றாள். விளையாட்டில் தோற்ற பொம்மையை மேஜையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். அந்தப் பெட்டிக்கு அவள் காடு என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா, உன் சின்ன பிரஷ் ஒண்ணு குடுப்பியா? எப்படி அடிக்கறதுன்னும் காட்டணும்" என்று கேட்டாள். அரியலூரில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே பொம்மைக்குக் குறைந்தது மூன்று வர்ணமாவது இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக்காக வந்தால் மேஜையில் வைக்க விடமாட்டார்கள் என்றாள். இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு சக்கர வண்டி ஒன்றின் அடியில் நாள் முழுவதும் படுத்து வேலை செய்துவிட்டு வந்திருந்தேன். இடுப்பு கழன்று விழுவது போல இருந்தது. அவள் சொன்னதற்கெல்லாம் "ம்" என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன் என்று எழுதுவதும் பொய். மூன்று வர்ணம் என்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை உக்காருவோம் பாப்பா" என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர வண்டி ஒன்று வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்கடுத்த வாரம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அது எனக்கு உறைக்கவில்லை. நச்சரிக்காத பிள்ளை என்று உள்ளூர சந்தோஷம்தான் பட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்கு என்று கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு அந்த நாள். பெயிண்ட் பீய்ச்சுகிற கம்ப்ரசர் ஓடவில்லை. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள், மகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் யாருமில்லை. பாயைப் போட்டுப் படுக்கலாம் என்று போனபோது ஜன்னல் மேடையில் ஒரு செருப்பு அட்டைப் பெட்டி இருந்தது. திறந்தேன். உள்ளே அவளுடைய படை.

தானாகவே அடித்து வைத்திருந்தாள். கடையில் சின்னச் சின்னப் பாட்டிலில் விற்கும் வர்ணம். பிரஷ் கூட இல்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் அடித்திருக்கிறாள், பஞ்சு இழை அங்கங்கே ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் திட்டுத் திட்டாக, ஒரு பக்கம் வழிந்து. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. கண்ணுக்கும் காலுக்குக் கீழே இருக்கிற அடித்தட்டுக்கும் வேறு வேறு வர்ணம் வைத்து மூன்று என்கிற கணக்கைச் சரிசெய்திருந்தாள், ஆனால் கரடியின் உடம்பு பச்சையாக இருந்தது. ஓநாயில் இரண்டு நீலம், இரண்டு பச்சை, இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு. யானை மூன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. புலி ஒன்றுக்குக் கூடக் கோடு இல்லை.

லாரிக் கதவில் புலி வரைகிறவன் பெற்ற பெண், பிரஷ் இல்லாமல் பஞ்சுக் குச்சியில் பச்சைக் கரடி அடித்து எடுத்துக்கொண்டு அரியலூர் போகப் போகிறாள். அங்கே பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்களே. மூன்று வாரம் ஏமாற்றியதற்கு இந்த ஒரு மதியத்தில் ஈடு கட்டிவிடலாம் என்று தோன்றியது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போய், சின்ன டப்பாக்களில் எனாமல் பெயிண்ட்டும், பெயிண்டைக் கரைக்கிற தின்னரும், இருப்பதிலேயே மெல்லிசான பிரஷ் இரண்டும் கொண்டு வந்தேன்.

முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? பழசை எடுக்க வேண்டும். துணியைத் தின்னரில் நனைத்து, சிவப்பு யானையை எடுத்துத் துடைத்தேன். சிவப்பு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை அழுத்தித் துடைத்தபோது என் கட்டைவிரல் ஏதோ மாவில் பதிகிற மாதிரி இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தால் யானையின் விலாவில் என் ரேகை. வரி வரியாக, அச்சு எடுத்த மாதிரி.

நான் இரும்பின் மேல் வேலை செய்கிறவன். இரும்பைத் தின்னர் ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மற்ற இருபத்து மூன்றையும் அடித்தட்டில் மட்டும் பிடித்து, பட்டும் படாமல் துடைத்து நியூஸ் பேப்பரில் வரிசையாக வைத்தேன். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. யானையின் ரேகை மேல் பெயிண்ட் ஏறினால் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பிறகு அடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று மணி நேரம் மாதிரி ஒரு வேலை நான் செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. யானைக்குச் சாம்பல், காது ஓரத்தில் லேசாக ரோஸ், தந்தத்துக்கு வெள்ளை. புலிக்குச் செம்மஞ்சள் அடித்து, பிரஷ்ஷின் நுனியில் நாலு மயிரை மட்டும் நனைத்துக் கறுப்புக் கோடு. கரடிக்குக் கறுப்பு, மூக்குக்கு மட்டும் பழுப்பு. ஓநாய்க்குச் சாம்பலும் பழுப்பும். எல்லாவற்றுக்கும் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடித்தட்டுக்குப் பச்சை, புல் மாதிரி. மூன்று வர்ணம் கேட்டாள், நான் நாலு வைத்தேன். கண்ணாடியைக் கழற்றியபோது கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

நாலரைக்கு மகள் வந்தாள். பையைக் கழற்றாமல் அப்படியே நின்று பார்த்தாள்.

"நீயாப்பா அடிச்சே?"

"பின்ன யாரு? எப்படி இருக்கு?"

பக்கத்தில் வந்து குனிந்தாள். அப்புறம், "நல்லாயிருக்குப்பா" என்றாள்.

"ராத்திரி பூரா காயணும், தொட்டுடாத" என்றேன். அவள் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் முகவாயை வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் படுத்தேன். காலையில் மனைவி, "பாப்பா நேத்து சரியாவே சாப்பிடலைங்க" என்றாள். போட்டிக்குப் போகிற பயம் என்று நான்தான் பதில் சொன்னேன்.

சனிக்கிழமை ஒருநாள் லீவு சொல்லிவிட்டு நானே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொம்மைப் பெட்டி என் மடியில். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். முன்னால் பின்னால் எல்லாம் கல் லாரிகள். நான் கதவு எழுதிய வண்டி ஒன்று கூட எதிரில் போனது. "பாப்பா, நம்ம வண்டி" என்று காட்டினேன். அவள் நிமிரவில்லை. மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மிருகம். நீலத்தில், பச்சையில், மஞ்சளில், சிவப்பில்.

"என்ன பாப்பா இது?"

"ஒண்ணும் இல்லப்பா."

"சொல்லு."

தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவர்கள் ஆட்டத்தில் ஒரு சீட்டுக்கட்டு உண்டு. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாலு வர்ணச் சீட்டு. மேலே இருக்கிற சீட்டைத் திருப்புவார்கள். நீலம் வந்தால் உடம்பில் நீலம் அடித்த பொம்மைகள் மட்டும் நகரலாம். மஞ்சள் வந்தால் மஞ்சள் மட்டும். அதாவது, உடம்பின் வர்ணம்தான் அது எந்த அணி என்று சொல்கிறது. வர்ணம் இல்லாத பொம்மை இடத்தை விட்டு அசையவே முடியாது.

யானை மெதுவாக நடக்கும். சீட்டுக்கட்டில் மஞ்சள்தான் அதிகம். அதனால் மூன்று யானையை மஞ்சளில் போட்டால், மெதுவாக நடந்தாலும் அடிக்கடி நடந்து போய்ச் சேர்ந்துவிடும். சிவப்புச் சீட்டு கட்டிலேயே இரண்டுதான். அதனால் ஒரு யானையை மட்டும் சிவப்பு அடித்துப் பின்னால் நிறுத்தி வைத்தால், எதிராளி அதைச் சும்மா நிற்கிற யானை என்று மறந்துவிடுவார். சிவப்பு வரும்போது அது கிளம்பும். கரடி ஏன் பச்சை, ஓநாய் ஏன் ஒவ்வொரு அணியிலும் இரண்டு என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

"நேத்தே ஏன் பாப்பா சொல்லல?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தேப்பா. அப்புறம் தூங்கிட்ட." நோட்டை மூடிக்கொண்டே, "முன்னாடியே சொன்னேன்ப்பா. நீ சாப்பிட்டுட்டு இருந்தப்ப" என்றாள். குறை சொல்கிற மாதிரி இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் அதிகம் வலித்தது.

பெட்டி என் மடியில் கனத்தது. பச்சைக் கரடியைப் பார்த்து, பாவம் இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேனே. தெரியாமல் இருந்தது யார்?

அரியலூரில் ஹாலுக்குள் போனபோது எட்டு மேஜை போட்டிருந்தார்கள். மகள் பெட்டியைத் திறந்து பொம்மைகளை எடுத்து வைக்க வைக்கக் கூட்டம் கூடிவிட்டது. "புலிக்கு மீசை கூட இருக்குடா" என்று ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். வேறு நேரமாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒரு வாரம் உற்சாகமாக வேலை செய்திருப்பேன். அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போட்டியை நடத்துகிறவர்களில் கணக்கு சாரும் ஒருவர். அவர் வந்து பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மகள் அடித்தட்டின் அடியில் பேப்பர் ஒட்டி வர்ணத்தின் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியணும்மா. ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும். அது நியாயமில்ல." அப்புறம் என்னைப் பார்த்து, "ரொம்ப அழகா அடிச்சிருக்கீங்க சார்" என்றார். பட்டறையில் வேலை செய்கிற என்னை ஒரு வாத்தியார் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட முடியவில்லை. மகளுடைய ஆட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வதாகவும், அதற்குள் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் இருந்தது.

"கடைவீதிக்கு ஓடிப் போய் பெயிண்ட் வாங்கிட்டு வந்துடறேன் பாப்பா" என்றேன். சொல்லும்போதே தெரியும், நடக்காது என்று. நேற்று அடித்த எனாமல் உள்ளே இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. அதன் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு யானையைக் கையில் எடுத்தேன்.

"வேணாம்ப்பா" என்றாள் மகள். "நீ தொடாத."

சத்தமாகச் சொல்லவில்லை. நான் யானையைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடமாக இந்தக் கையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். போட்டி போகிறது என்பதை விட, இனிமேல் இவள் தான் செய்கிற எதையும் என் கண்ணில் காட்டமாட்டாளே என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் பக்கத்து பெஞ்சில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். என் மகளோடு மோதப் போகிற இரட்டைச் சடைப் பெண்ணின் அம்மா அவர். ரெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் வேலை, இவர் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். வந்ததிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னண்ணே, பாப்பா மொகமே சரியில்லையே" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க வூட்டுலயும் ஒருத்தரு இருக்காரு. நான் வெட்டி வச்ச துணிய, பாதில கெடக்குதேன்னு நாலா மடிச்சு பீரோவுல வச்சுட்டாரு. அதுல கழுத்து எது கை எதுன்னு தேடவே எனக்கு ஒரு நாளு ஆச்சு. ஒத்தாசையாம்."

சொல்லிக்கொண்டே தன் கைப்பையைத் திறந்தார். ஆட்டம் முடிந்ததும் கடைவீதியில் ஜாக்கெட்டுக்கு ஏற்ற கலரில் நூலும் லைனிங்கும் வாங்க வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு ஜாக்கெட்டிலிருந்தும் ஒரு துண்டு கத்தரித்து ஒரு கவரில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். தையல்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். கவரைக் கவிழ்த்தார். நீலம் இருந்தது, பச்சை இருந்தது, சிவப்பில் இரண்டு மூன்று இருந்தது. மஞ்சளுக்கு மாம்பழக் கலரில் ஒன்று கிடைத்தது.

"கழுத்துல கட்டி விட்டா ஆவாதா சார்?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கணக்கு சார் கிட்டே வந்து பார்த்து, எதிரிலிருந்து தெரிந்தால் சரி என்றார்.

இரட்டைச் சடைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நீ யாரு பக்கம்?"

"நான் துணி பக்கம். நீ போய் உன் ஆளுங்கள அடுக்குடி."

சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் அந்தப் பைக்குள் இருந்தது. அவர் துணியை நூல் நூலாக, நாடா மாதிரி வெட்டித் தள்ளினார். என் மகள் நோட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தாள். ஆனால் ஒரு கையால் பொம்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சுப் போட முடியவில்லை. ஓநாயின் கழுத்து அரிசி அகலம்தான் இருக்கும். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நழுவியபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதப் புடி."

சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தேன்.

நான் பிடிக்க, அவள் கட்டினாள். இருபத்து நாலும். கட்டிக்கொண்டே ஒவ்வொன்றும் யார், என்ன செய்யும் என்று சொன்னாள். இந்தத் தடவை நான் "ம்" போடவில்லை. "ஏன் இது நீலத்துல?" என்று கேட்டேன். "இது முன்னாடி போனா அது தனியா மாட்டிக்காதா?" என்று கேட்டேன். பத்தொன்பதோ இருபதோ முடிந்தபோது, அவளே, "இங்க பாருப்பா, இதுதான் முக்கியமான எடம்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

தையல்கார அம்மா வெட்டிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தார். "பெயிண்டருங்கறீங்க. நீங்க அடிச்சத நான் துணி போட்டு மூட வேண்டியிருக்கு."

கடைசியாகச் சிவப்பு யானை. நாலு யானையில் எதை வேண்டுமானாலும் சிவப்பாக்கியிருக்கலாம். விலாவில் ரேகை இருந்ததைத்தான் மகள் அதற்கென்று ஒதுக்கியிருந்தாள். நான் அடித்த சாம்பல் அந்த வரிகளை மறைக்கவே இல்லை. வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா?" என்றாள்.

"என் வெரலு பாப்பா. தின்னர்ல எளகிப் போச்சு."

அவள் அதன் கழுத்தில் சிவப்பு நாடாவைச் சுற்றினாள். நான் பிடித்துக்கொண்டேன். என் கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

ஆட்டத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். அவள் தோற்றாள். பாதி ஆட்டத்தில் இரண்டு நீல ஓநாய்களின் நாடா அவிழ்ந்து விழுந்துவிட்டது. வர்ணம் இல்லாததால் அவை அசையக் கூடாது என்று அவளே சொல்லி அப்படியே விட்டுவிட்டாள். அந்த வழியாகத்தான் எதிரிப் படை உள்ளே வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சிவப்புச் சீட்டு ஒரு தடவை விழுந்தது. பின்னால் சும்மா நின்ற யானை கிளம்பி, எதிரியின் மூன்று வீரர்களைப் பெட்டிக்கு அனுப்பியது. "இது எங்கேருந்துடி வந்துச்சு?" என்று இரட்டைச் சடைப் பெண் வாயைப் பிளந்தாள். அவள் அம்மா கைதட்டினார். தன் மகள் முறைத்ததும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது துணித் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நாடாவாக வெட்டிய பிறகு அவற்றை வைத்து நூல் வாங்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பஸ் செலவு பண்ணி வந்துட்டு, நூல் வாங்காம போறீங்களேம்மா" என்றேன். "கலரு என் கண்ணுலயே இருக்குண்ணே" என்றார். இருக்காது என்று பெயிண்ட் அடிக்கிற எனக்குத் தெரியும். கையில் துண்டு இல்லாமல் ஏற்ற கலரைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவர் இன்னொரு நாள் அவ்வளவு தூரம் மறுபடி வந்துதான் வாங்கியிருப்பார். பெயர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். எனக்குக் கால் கடுத்தது, அவளுக்கும்தான். "நான் கேட்டிருக்கணும் பாப்பா" என்று மட்டும் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்தபடி, "ம்" என்றாள். அந்த "ம்" எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் எனாமல் நன்றாகக் காய்ந்த பிறகு, அவள் எல்லாவற்றையும் மறுபடி தன் கையால் அடித்தாள். உரிந்து வந்துவிடும், பழசை எடுத்துவிட்டு அடி என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, மேலே லேசாக உப்புத்தாள் போட்டால் பிடிக்கும், வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். காட்டச் சொன்னாள். ஒரு ஓநாயில் காட்டினேன். மெல்லிசான பிரஷ்ஷில் ஒன்றை அவளுக்கே கொடுத்துவிட்டேன். புலியின் கறுப்புக் கோடுகளை மட்டும் அவள் அழிக்கவில்லை. உடம்பு நீலம், மேலே என்னுடைய கறுப்புக் கோடு தெரிகிற மாதிரி விட்டு விட்டு அடித்தாள். நீலப் புலி நான் நினைத்ததை விட நன்றாகவே இருந்தது.

சிவப்பு யானைக்கு முதல் பூச்சு அடித்தபோது ரேகை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. வரிகளுக்குள் சிவப்பு இறங்கிக்கொண்டது. எங்கள் வேலையில் இதை அப்படியே விடமாட்டோம். பட்டி வைத்து அடைத்து, தேய்த்துச் சமமாக்கிவிடுவோம்.

"பட்டி பாத்துடட்டுமா பாப்பா?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "வேணாம்ப்பா. அது கெடக்கட்டும்" என்றாள். பிறகு அடித்தட்டின் ஓரத்தைக் காட்டி, "இந்தக் கறுப்பு மட்டும் நீ அடி. எனக்கு கோணலா வருது" என்றாள். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். நகத்தால் கீறிக் காட்டினாள். அவ்வளவுதான் அடித்தேன்.

பிள்ளைகளே, என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வருவார். எனக்கு எழுத்துதான் சோறு போடுகிறது. எத்தனையோ லாரிகளில் எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் என் அடையாளம் கிடையாது. அந்தச் சின்ன யானையில் மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் பட்டறையிலிருந்து அலுத்துப் போய் வந்து உட்காரும்போது மகள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், எனக்குக் கண் சொருகும், வாயில் "ம்" வந்து நிற்கும். அப்போது ஜன்னல் மேடையிலிருந்து அந்த யானையை எடுத்து, விலாவில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். கேட்காமல் செய்த அந்த ஒரு மதியம் என் விரலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. யானையைக் கையில் வைத்துக்கொண்டே, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்கிறேன்.